ஃபேன் சுற்றுகிறது, லேப்டாப் நம்பவில்லை

"அண்ணா, சூடே இல்லையே, அப்புறம் ஏன் இந்த ஃபேன் இப்படிக் கத்துது?"

தங்கை இதைக் கேட்டபோது இரவு பதினொன்றரை மணி. அவளுடைய லேப்டாப்பில் ஃபேன் மாற்றி மூன்று நாளாகியிருந்தது. அந்த மூன்று நாளும் நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். விசைப்பலகை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பக்கவாட்டுத் துளையிலிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது, அதுவும் சூடில்லாத காற்று. ஆனால் அவள் தன் ஆய்வேட்டில் ஒரு வரி தட்டினால், எழுத்துகள் ஒவ்வொன்றாக, நின்று நின்று திரைக்கு வந்தன. பக்கத்தை உருட்டினால் பாதியில் உறைந்து நின்றது.

சூடேறிய லேப்டாப் மெதுவாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இது குளிர்ந்து கிடக்கிற லேப்டாப். குளிர்ந்திருக்கிறது, ஆனாலும் நகரவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். இதே நிலையில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், நான் சுற்றிய சுற்றை அவர் சுற்ற வேண்டாம்.

ஐந்து வருடம் ஓடிய லேப்டாப் அது. சில மாதங்களாக ஃபேனிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். தூசியாக இருக்கும் என்று முதலில் சுத்தம் செய்தேன். தூசி நிறையவே இருந்தது. ஃபேனின் வாய்க்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் அது போகாது. ஃபேனைக் கழற்றி உள்பக்கமிருந்து உரித்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்தேன். சத்தம் குறையவில்லை. அப்புறம் ஒரு சின்ன சோதனை செய்தேன். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெதுவாக ஒருபக்கம் சாய்த்தேன். சத்தம் மாறியது. இன்னும் சாய்த்தால் நின்றே போனது. நேராக வைத்தால் திரும்ப வந்தது. இப்படி நிலையை மாற்றும்போது சத்தமும் மாறினால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். இந்தச் சின்ன ஃபேன்கள் பலவற்றில் ஸ்லீவ் பேரிங்தான் இருக்கும்: ஒரு குழாய், அதற்குள் ஒரு தண்டு, இரண்டுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம். வருடக்கணக்கில் சூட்டிலேயே கிடந்து எண்ணெய் வற்றிப்போனால் தண்டு குழாயில் உரசத் தொடங்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும். நானும் விட்டுப் பார்த்தேன். பத்து நாள் அமைதி, திரும்பவும் கரகர.

சரி, மாற்றிவிடலாம் என்று லேப்டாப்பின் அடியில் இருந்த மாடல் பெயரைப் பார்த்து இணையத்தில் ஒரு ஃபேன் வாங்கினேன். மாடல் பெயரைப் பார்த்து வாங்கினேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்ததைப் பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. அதே கறுப்பு ஓடு, ஸ்க்ரூ போகும் காதுகள் அதே இடத்தில், கம்பியின் முனையில் அதே நான்கு துளை கனெக்டர். இந்த மாடலில் ப்ராசசரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்கைத் தொடாமலே ஃபேனை மட்டும் எடுத்துவிடலாம், அதனால் இரண்டுக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் வேலை இல்லை. முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றினேன். எந்த வேலையானாலும் அதுதான் முதல் வேலை. மூன்று ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், இருபது நிமிடத்தில் முடிந்தது. ஆன் செய்ததும் ஃபேன் சுற்றியது, கரகரப்பு இல்லை. சத்தம் கொஞ்சம் அதிகம்தான், புதுசு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவளும் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையிலேயே "ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று சொன்னாள். ஃபேனுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதே, சூடும் இல்லையே. அதனால் மென்பொருளைப் பிடித்துக்கொண்டேன். அப்டேட் ஏதாவது பின்னால் ஓடுகிறதா என்று பார்த்தேன். தானாகத் துவங்கும் நிரல்களை நிறுத்தினேன். வைரஸ் சோதனை ஒன்று ராத்திரி முழுக்க ஓடியது. எதிலும் பலனில்லை. பழுது பார்க்கும் ஒருவரிடம் போனில் விவரம் சொன்னேன். நான் முடிப்பதற்குள்ளேயே, "போர்டு போயிருக்கும் சார், கழட்டும்போது ஏதாவது ஆகியிருக்கும்" என்றார்.

இந்த ஒரு வார்த்தை மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. "போர்டு போச்சு" என்பது சொல்பவருக்கு ஒரு நொடி. கேட்பவருக்கு அதற்கு மேல் கேள்வியே இல்லை. நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ லேப்டாப்கள் இந்த ஒரு சொல்லால் பரணுக்குப் போயிருக்கின்றன என்றுதான் நினைக்கிறேன். போர்டு போவது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசியாக வர வேண்டிய முடிவு. மற்ற ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்று கழித்துக்கொண்டே வந்து கடைசியில் மிஞ்சினால் சொல்ல வேண்டியது.

தங்கை அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் வெப்பநிலையையும் வேகத்தையும் காட்டும் நிரல் ஒன்றை இறக்கினேன். விண்டோஸில் எச்டபிள்யூ-இன்ஃபோ, லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ், எது கைக்குப் பழக்கமோ அது போதும். மூன்று வரிகள் கண்ணில் பட்டன.

ப்ராசசரின் சூடு 41 டிகிரி. ப்ராசசரின் வேகம் 800 மெகாஹெர்ட்ஸ். வேலை கொடுத்தால் 3,000-ஐத் தாண்ட வேண்டியது, என்ன செய்தாலும் 800-லேயே நின்றது. மூன்றாவது வரி ஃபேன் வேகம்: 0.

காதுக்குப் பக்கத்தில் ஃபேன் அலறிக்கொண்டிருக்கிறது. திரையில் பூஜ்யம்.

கொஞ்சம் கீழே போனால் இன்னொரு வரியும் இருந்தது. ப்ராக்ஹாட் என்று ஒரு சமிக்ஞை, அது வெளியிலிருந்து வந்திருக்கிறது, ஆம் என்று காட்டியது. அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

லேப்டாப்பில் ஃபேனை ஓட்டுவது விண்டோஸும் இல்லை, ப்ராசசரும் இல்லை. போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று தனியாக ஒரு சின்ன சிப் இருக்கும். பவர் பட்டன், பேட்டரி சார்ஜ், விசைப்பலகை, ஃபேன் என்று வீட்டு நிர்வாகம் முழுக்க அதனுடையது. ஃபேனுக்குப் போகும் நான்கு கம்பிகளில் ஒன்று 5 வோல்ட் மின்சாரம், ஒன்று அந்த மின்சாரம் திரும்பிப் போகும் கிரவுண்ட். இன்னொன்று, எவ்வளவு வேகமாகச் சுற்று என்று கன்ட்ரோலர் ஃபேனுக்குச் சொல்லும் கட்டளை. பிடபிள்யூஎம் என்பார்கள், வெகுவேகமாக அணைந்து எரியும் துடிப்புகள், எரியும் நேரம் கூடினால் வேகம் கூடும். மிச்சமுள்ள கம்பி எதிர்த்திசையில் வருவது. நான் இவ்வளவு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று ஃபேன் கன்ட்ரோலருக்குச் சொல்லும் பதில். இதற்கு டேக்கோ என்று பெயர்.

அந்தப் பதில் எப்படி உருவாகிறது என்பது அழகான விஷயம். ஃபேனின் நடுக்கிண்ணத்துக்குள் ஒரு காந்த வளையம் இறக்கைகளோடு சேர்ந்து சுற்றுகிறது. அதை ஒட்டி அசையாமல் ஒரு ஹால் சென்சார் இருக்கிறது. காந்தப் புலம் ஒரு கடத்தியில் ஓடும் மின்னோட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளும் என்று 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடித்தார். பெயர் அதிலிருந்து வந்தது. காந்தத்தின் வட முனையும் தென் முனையும் மாறி மாறிக் கடந்து போவதை அந்த சென்சார் உணர்கிறது. பெரும்பாலான ஃபேன்களில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. கன்ட்ரோலர் ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி, 60-ஆல் பெருக்கி, 2-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். நொடிக்கு 130 துடிப்பு வந்தால் 3,900 சுற்று.

துடிப்பே வராவிட்டால்? ஃபேன் செத்துவிட்டது என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை, அந்த ஒரு கம்பிதான். ஃபேன் இல்லாமல் ப்ராசசரை முழு வேகத்தில் ஓட விடுவது ஆபத்து, அதனால் ப்ராக்ஹாட் கம்பியை இழுத்துப் பிடிக்கும். ப்ராசசர் தானே சூடாகும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ள ஏற்பட்ட கம்பி அது, ஆனால் வெளியிலிருந்தும் அதை இழுக்க வழி வைத்திருக்கிறார்கள். இழுத்ததும் ப்ராசசர் தன் மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். எல்லா லேப்டாப்பும் இப்படிச் செய்யாது. சில ஆன் ஆகும்போதே ஃபேன் பிழை என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்துவிடும், சில ஒன்றுமே சொல்லாது. இது சொல்லாமல் வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்ட ரகம்.

வெளியிலிருந்து வரும் ப்ராக்ஹாட்டைப் பொருட்படுத்தாதே என்று ப்ராசசருக்குச் சொல்லிவிடும் நிரல்கள் இருக்கின்றன. ஒரு டிக் எடுத்தால் போதும், அந்த நிமிடமே லேப்டாப் பறக்கும். தயவுசெய்து அதைத் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிஜமாகவே ஃபேன் நின்றுபோகும் நாளில் குரல் கொடுக்க வேண்டியதன் வாயைக் கட்டிவைப்பது அது.

ஆக, ஃபேன் சுற்றுகிறது, பதில் போய்ச் சேரவில்லை. பதில் எங்கே தொலைகிறது? கனெக்டர் சரியாக உட்காரவில்லையா, போர்டில் டேக்கோ பாதை கெட்டுவிட்டதா, கன்ட்ரோலர் ஏதாவது குழப்பத்தில் இருக்கிறதா, ஃபேனே பதில் சொல்வதில்லையா?

கன்ட்ரோலரில் இருந்து ஆரம்பித்தேன், அது எளிது. சார்ஜரை எடுத்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்தேன். மிச்சம் மீதி மின்சாரமும் வடிந்து கன்ட்ரோலர் புதிதாக எழுந்திருக்கும். மாற்றமில்லை. ஃபேன் கனெக்டரைக் கழற்றி மறுபடி பொருத்தினேன். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிளாஸ்டிக் நெம்பி ஒன்றால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். மாற்றமில்லை.

அப்போதுதான் பழைய ஃபேன் ஞாபகம் வந்தது. புதியது வந்த அதே பெட்டியில் அதைப் போட்டு வைத்திருந்தேன். குப்பைக்குப் போகவிருந்த பெட்டி.

அதை எடுத்து, ஸ்க்ரூகூடப் போடாமல் இடத்தில் வைத்து, கனெக்டரைச் செருகி ஆன் செய்தேன். கரகரவென்று அதே பழைய சத்தம். திரையில் ஃபேன் வேகம் 2,480. ப்ராசசர் ஒரே தாவலில் 3,000-ஐத் தாண்டியது. தங்கை ஆய்வேட்டைத் திறந்து பக்கத்தை உருட்டினாள். தண்ணீர் போல ஓடியது. "அண்ணா!" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டு நிமிட வேலை அது. அதில் மூன்று கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. போர்டு நன்றாக இருக்கிறது. கன்ட்ரோலர் நன்றாக இருக்கிறது. போர்டில் இருக்கும் கனெக்டரும் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது புது ஃபேன் மட்டும்தான். பேரிங் தேய்ந்து ஓய்ந்த ஒரு பழைய ஃபேன், அந்த ராத்திரி எனக்கு எந்தக் கருவியையும்விடப் பெரிய அளவுகோலாக இருந்தது. சத்தம்தான் அதன் குறை, சாட்சி சொல்வதில் அதற்குக் குறையே இல்லை. புது உதிரிபாகம் போட்டபின் கோளாறு வந்தால் முதலில் பழையதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நான் மூன்று நாள் கழித்துச் செய்ததை முதல் மணி நேரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டு ஃபேன்களையும் விளக்கு வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்தேன். ஸ்டிக்கரில் இரண்டிலும் டிசி 5 வோல்ட், 0.5 ஆம்பியர். பாக எண் நீளமானது. முதல் பதினோரு எழுத்தும் எண்ணும் ஒன்று, கடைசி இரண்டு வேறு. கனெக்டரைப் பார்த்தேன். பழையதில் கம்பிகள் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், நீலம். புதியதில் சிவப்பு, கறுப்பு, நீலம், மஞ்சள்.

மனசு உடனே "கண்டுபிடித்துவிட்டேன்" என்றது. ஆனால் நிறத்தை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது. டெஸ்க்டாப் ஃபேன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மூன்று கம்பி ஃபேனில் மஞ்சள் என்பது வேகம் சொல்லும் கம்பி. இன்டெல் வகுத்த நான்கு கம்பி ஃபேன் விதியில் மஞ்சள் என்பது 12 வோல்ட், வேகம் சொல்வது பச்சை. ஒரே நிறம், ஒன்றில் பதில், இன்னொன்றில் மின்சாரம். லேப்டாப் ஃபேன்களில் அந்த அளவு ஒழுங்குகூடக் கிடையாது. மின்சாரக் கம்பியைத் தவறாகப் பதில் கம்பியின் இடத்தில் செருகினால், 3.3 வோல்ட் மட்டுமே எதிர்பார்க்கும் கன்ட்ரோலரின் காலில் 5 வோல்ட் போய் நிற்கும். அதோடு அந்த ஆள் போனில் சொன்னது உண்மையாகிவிடும்.

அதனால் ஃபேனையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். பழைய யுஎஸ்பி கேபிள் ஒன்றை வெட்டி, உள்ளே எது 5 வோல்ட், எது கிரவுண்ட் என்று மல்டிமீட்டரில் சரிபார்த்து, போன் சார்ஜரில் இணைத்தேன். பழைய ஃபேனின் கனெக்டர் துளைகளில் குண்டூசி செருகி, சிவப்புக்கும் கறுப்புக்கும் மின்சாரம் கொடுத்தேன். முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. கட்டளைக் கம்பியில் எதுவும் இல்லாவிட்டால் முழு வேகத்தில் ஓடு என்பதுதான் இந்த நான்கு கம்பி ஃபேன்களின் பொதுவான இயல்பு. கட்டளை அறுந்துபோனாலும் சூட்டில் வேகாமல் இருக்கட்டும் என்று அப்படி. இந்த இயல்பு ஏன் முக்கியம் என்று சீக்கிரமே தெரிந்தது.

டேக்கோ கம்பி தானாக மின்சாரம் கொடுக்காது. அது கிரவுண்டோடு சேரும், விடும், சேரும், விடும், அவ்வளவுதான். அதனால் 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அந்தக் கம்பியை மேலே இழுத்துப் பிடித்தால்தான் துடிப்பு தெரியும். ரெசிஸ்டரை வைத்து, மல்டிமீட்டரை, நொடிக்கு எத்தனை துடிப்பு என்று காட்டும் ஹெர்ட்ஸ் நிலையில் போட்டுத் தொட்டேன். பழைய ஃபேனில் மஞ்சள்: 142. நீலம்: ஒன்றுமில்லை. அதாவது மூன்றாவது துளையில் பதில், நான்காவதில் கட்டளை.

அப்புறம் புது ஃபேன். மூன்றாவது துளையில் இருந்த நீலத்தைத் தொட்டேன். ஒன்றுமில்லை. நான்காவதில் இருந்த மஞ்சள்: 158, நிமிடத்துக்கு 4,740 சுற்று. நன்றாகவே பதில் சொல்கிறது. தவறான துளையிலிருந்து சொல்கிறது.

எல்லாம் ஒரே நொடியில் பொருந்தி வந்தது. போர்டு பதிலை எதிர்பார்த்து மூன்றாவது துளையில் காத்திருக்கிறது; அங்கே இருப்பது ஃபேனின் கட்டளைக் கம்பி, அது எப்படிப் பேசும்? போர்டு கட்டளையை நான்காவது துளையில் அனுப்புகிறது. அங்கே இருப்பது ஃபேனின் பதில் கம்பி, அதற்குக் கேட்கத் தெரியாது. கட்டளை வராததால் ஃபேன் முழு வேகத்தில் அலறுகிறது. பதில் வராததால் கன்ட்ரோலர் ப்ராசசரைக் கட்டிப்போடுகிறது. தங்கை கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஃபேன் பழுதில்லை, போர்டும் பழுதில்லை. இரண்டும் நல்லதாக இருந்து, இரண்டு கம்பி இடம் மாறியதால் ஒன்றை ஒன்று அறியாமல் இருந்தன.

ஃபேனைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்குவதுதான் முறை. ஆனால் ஆய்வேடு கொடுக்க நான்கே நாள் இருந்தது. சிவப்பும் கறுப்பும் சரியான இடத்தில்தான் இருக்கின்றன என்று அளந்து பார்த்துவிட்டதால், மற்ற இரண்டை மட்டும் இடம் மாற்றத் துணிந்தேன். கனெக்டரின் ஒரு பக்கத்தில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அந்த ஜன்னலுக்குள் பார்த்தால், கம்பியின் முனையில் இருக்கும் தகரக் கூட்டின் மேல் நகத்தின் ஓரம் அளவுக்குக்கூட இல்லாத ஒரு நாக்கு தெரியும். கம்பி பின்னால் வந்துவிடாமல் பிடித்திருப்பது அந்த நாக்குதான். தையல் ஊசியின் முனையை அதன் மேல் வைத்து லேசாக அமுக்கிக்கொண்டே, மறுகையால் கம்பியை உள்நோக்கி ஒரு நூலளவு தள்ளி, அப்புறம் பின்னால் இழுக்க வேண்டும். முதலில் தள்ளாமல் இழுத்தால் நாக்கு விடாது, கம்பிதான் அறும். நீலம் வந்தது. மஞ்சள் வர மறுத்தது. மூன்றாம் முறை ஊசியைத் தட்டையாகச் சாய்த்துப் பிடித்தபோதுதான் அசைந்தது. வெளியே வந்ததும் வளைந்த நாக்கை ஊசியால் திரும்ப நிமிர்த்தினேன். இதை மறந்தால் புதுத் துளையில் பிடி இருக்காது. மஞ்சளை மூன்றாவதில், நீலத்தை நான்காவதில் செருகினேன். இரண்டிலும் "டிக்" என்று ஒரு சத்தம், காதைவிட விரலுக்குத்தான் அதிகம் கேட்டது.

போர்டில் மாட்டி ஆன் செய்தேன். ஒரு நொடி முழு வேகம், அப்புறம் மூச்சு விட்டதுபோல இறங்கி, காற்றின் சத்தம்கூடக் கேட்காத அளவுக்கு அமைதியானது. திரையில் 2,310.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஒரு பெரிய கோப்பைச் சுருக்கக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டேன். 95 டிகிரி. ஃபேன் 4,500-ல் ஓடுகிறது, கட்டளையும் பதிலும் ஒழுங்காக இருக்கின்றன, ஆனாலும் 95. பழைய ஃபேன் நல்ல நிலையில் இருந்த காலத்தில் இதே வேலைக்கு 80-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இப்போது ஹீட் பைப்பைச் சந்தேகப்பட்டேன். ப்ராசசரின் சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுபோகும் அந்தச் செம்புக் குழாய் வெறும் செம்பு இல்லை. உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் திரவத்தை அடைத்திருப்பார்கள், பெரும்பாலும் தண்ணீர். ப்ராசசர் பக்கம் அது ஆவியாகி, தகடுகள் பக்கம் போய்க் குளிர்ந்து நீராகி, உட்சுவரில் இருக்கும் திரி போன்ற பரப்பின் வழியே ஊறித் திரும்பி வரும். 1963-ல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதற்கு இன்றைய வடிவமும் பெயரும் கொடுத்தார். குழாயில் விரிசல் விட்டால் திரவம் போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் சோதிப்பது எளிது: குழாயின் இரண்டு முனையும் சூடாக இருக்கிறதா? தகடுகள் பக்க முனையை விரலால் தொட்டேன், பட்டென்று எடுத்துவிட்டேன். சூடு அங்கே வந்து சேர்கிறது. அப்படியானால் குழாய் நல்லது, பேஸ்ட்டும் நல்லது. வந்த சூட்டை வெளியே கொண்டு போக வேண்டிய காற்றுதான் போகவில்லை.

டிஷ்யூ காகிதத்தை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்தேன். அடிமூடியைத் திறந்து வைத்தபடியே ஓடவிட்டு, காகிதத்தை ஃபேனின் வாயைச் சுற்றிக் கொண்டுபோனேன். வெளித் துளையருகே அது லேசாகத்தான் அசைந்தது. ஃபேனின் கறுப்பு ஓடும் செம்புத் தகடுகளும் சேரும் இடத்தில், மேல் விளிம்பில், படபடவென்று அடித்துக்கொண்டது. அங்கே ஒரு இடுக்கு. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். காற்றில் ஒரு பங்கு தகடுகளுக்குள் நுழையாமல் அந்த இடுக்கு வழியே லேப்டாப்பின் உள்ளுக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது. மூடியைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: சூடான அதே காற்றை ஃபேன் மறுபடி உறிஞ்சும்.

பழைய ஃபேனை எடுத்துப் பார்த்தேன். அதன் வாய் விளிம்பில் கறுப்பு ஸ்பாஞ்ச் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. இத்தனை நாள் அதைத் தூசி தடுக்க வைத்தது என்றே நினைத்திருந்தேன். அதன் வேலை இந்த இடுக்கை அடைப்பது. புதியதில் அது இல்லை. பிளேடால் மெதுவாக உரித்து, பசை போயிருந்ததால் வெப்பம் தாங்கும் மெல்லிய இருபக்க டேப் வைத்து, புதியதில் ஒட்டினேன். அதே கோப்பு, அதே பதினைந்து நிமிடம். 81 டிகிரியில் நின்றது. ஃபேனும் 3,800-க்கு மேல் போகவில்லை.

மூடியைப் போட்டபின் ஒரு "டிக் டிக்" வந்தது. ஃபேன் கம்பி அதன் பள்ளத்தை விட்டு எழும்பி இறக்கையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பள்ளத்தில் அமுக்கி டேப் போட்டதும் நின்றது.

விற்றவருக்கு நடந்ததை எழுதினேன். ஒரே மாடல் பெயரில் தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை உண்டு, அனுப்பியது மற்ற வகைக்கான ஃபேன் என்று பதில் வந்தது. லேப்டாப்பின் அடியில் இருப்பது குடும்பப் பெயர் மாதிரி. ஃபேனின் மேல் இருக்கும் ஸ்டிக்கரில்தான் அதன் சொந்தப் பெயர் இருக்கிறது. வாங்கும் முன் மூடியைத் திறந்து, அந்தப் பாக எண்ணைக் கடைசி எழுத்துவரை படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி வரிசையும் தெரிகிற மாதிரி எடுங்கள். இரண்டு ஃபேன் உள்ள லேப்டாப்பாக இருந்தால் இடது, வலது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. விற்பவர் படத்தில் ஸ்பாஞ்ச் பட்டை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

ஆய்வேடு போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய ஃபேன் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் மேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருக்கிறேன்: "1 சிவப்பு, 5 வோல்ட். 2 கறுப்பு, கிரவுண்ட். 3 மஞ்சள், பதில். 4 நீலம், கட்டளை. பேரிங் தேய்ந்தது. சோதனைக்கு வேண்டும்."